ஹருமி அக்கா போடாத கையெழுத்து

புத்தாண்டு விடுமுறையின் இரண்டாம் நாள். காலை எட்டே முக்கால் மணிக்கே வடத்தில் தொங்கியபடி மலையேறும் பெட்டிகளான கோண்டோலாவின் நிலையத்து வாசலிலிருந்து வண்டி நிறுத்துமிடம் வரைக்கும் வரிசை நீண்டுவிட்டது. நான் ஒலிபெருக்கியோடு வெளியே நின்று, பலத்த காற்று காரணமாகக் கோண்டோலா ஓடவில்லை என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஓட்டல் வாசலில் கட்டியிருந்த கொடிகள் அசையாமல் தொங்கின. அதைப் பார்த்தவர்கள் என்னைப் பொய் சொல்கிறவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

உள்ளே கட்டுப்பாட்டு அறையில் ஹருமி அக்கா இருந்தாள். நகுமோ ஹருமி. அப்போது அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஒகுமோரி மலையில், பனிச்சறுக்க வருபவர்களை நாற்காலிகளில் மேலே ஏற்றும் பதினான்கு லிஃப்டுகளுக்கும் அந்த ஒரு கோண்டோலாவுக்கும் சட்டப்படி தொழில்நுட்பப் பொறுப்பாளர் அவள்தான். அவள் சரி என்று சொன்னால்தான் சக்கரம் சுற்றும். கையைக் கட்டிக்கொண்டு, காற்றுமானியின் எண்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஒலிபெருக்கியின் பேட்டரியை மாற்ற நான் உள்ளே போன நேரத்தில்தான் மேனேஜர் மிகுரியா வந்தார். மலையை வாங்கியிருந்த டோக்கியோ நிறுவனம் முந்தின வருடம் அனுப்பிய ஆள். நாற்பது வயதிருக்கும். குரலை உயர்த்தமாட்டார்.

"என்ன நகுமோ-சான், இன்னுமா?"

"இன்னும்தான்."

"கீழ காத்தே இல்லையே. கொடி கூட ஆடல."

"கொடி கீழ இருக்கு. எட்டாம் நம்பர் கம்பம் மேல இருக்கு. அங்க வினாடிக்கு இருபத்தி ரெண்டு மீட்டர்."

"விட்டு விட்டுத்தானே அடிக்குது? குறையறப்ப மெதுவா ஓட்டலாமே."

"குறையறப்ப பெட்டியில ஏறுறவங்க, கூடுறப்ப எட்டாம் கம்பத்துல தொங்குவாங்க. அந்த நேரம் பாத்து நீங்க போய் காத்தைப் பிடிச்சு நிறுத்துவீங்களா?"

மிகுரியா கையை நீட்டினார். "சாவியக் குடுங்க. பொறுப்பை நான் ஏத்துக்கறேன்."

அக்கா மேசையிலிருந்த சாவியை எடுத்தாள். கொடுக்கப்போகிறாள் என்று நான்கூட நினைத்தேன். அவள் அதை மேல்சட்டையின் உள்பையில் போட்டுக்கொண்டு, கழுத்து வரைக்கும் ஜிப்பை இழுத்துவிட்டாள்.

"பொறுப்பு என் பேர்ல இருக்கு. உங்க பேருக்கு மாத்தணும்னா போக்குவரத்துத் துறைக்கு எழுதிப் போடுங்க. அவங்க பதில் போடறதுக்குள்ள காத்து நின்னுடும்."

அன்று கோண்டோலா ஓடவில்லை. மறுநாளும் ஓடவில்லை. டிக்கெட் சாளரத்துப் பெண்கள் இரண்டு நாளும் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டதில் இடுப்பு பிடித்துக்கொண்டது என்றார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அதுதான் அக்காவுக்கு வினையாகப் போயிற்று. எதுவுமே நடக்காததால், அவள் செய்தது சரி என்று யாராலும் காட்ட முடியவில்லை.

அவளுடைய இந்தக் குணம் புதிதல்ல. இந்த ஊர்க்காரிதான். பத்தொன்பது வயதில் மலைக்கு வேலைக்கு வந்தாள். பனிச்சறுக்குப் பைத்தியம் நாடு முழுக்கப் பிடித்திருந்த காலம் அது. ஒரு லிஃப்டில் ஏற ஒரு மணி நேரம் நிற்பார்கள். இறங்கி வர ஐந்து நிமிடம். மறுபடியும் போய் நிற்பார்கள். வேலைக்கு வரும் பெண்களுக்கு இளஞ்சிவப்புச் சீருடை. நாற்காலியைப் பிடித்து நிறுத்தி, சிரித்து, "கவனமாப் போயிட்டு வாங்க" என்று சொல்ல வேண்டும். அக்காவுக்குச் சிரிப்பு வராது. பார்வை எப்போதும் தலைக்கு மேலே ஓடும் வடத்தின் மேல்தான் இருக்கும்.

இரண்டாம் குளிர்காலத்தில் இயந்திரப் பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டாள். அப்போதைய தலைமை மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தார். "மலைத்தெய்வம் பொம்பளை. இன்னொரு பொம்பளை கம்பத்துல ஏறினா அவளுக்குப் பொறாமை வரும். வடத்தக் கழட்டி விட்டுடுவா."

"பொறாமைப்படட்டும். அப்படியே வந்து ரெண்டு கப்பிக்கு மசகும் போட்டுட்டுப் போகட்டும்."

ஒரு வாரம் கழித்து ஐந்தாம் எண் லிஃப்டின் கப்பிகளில் பனி உறைந்து அது நின்றுபோனது. மெக்கானிக்குகள் மூன்று பேரும் மலையின் வேறு மூலையில் இருந்தார்கள். அவர்கள் வந்து சேர்ந்தபோது, இளஞ்சிவப்புச் சீருடையில் ஒருத்தி கம்பத்தின் உச்சியில் இடுப்புக் கயிற்றைக் கட்டிக்கொண்டு மரச்சுத்தியால் பனியைத் தட்டிக்கொண்டிருந்தாள். தலைமை மெக்கானிக் கீழேயிருந்து கத்தினார். அவள் குனிந்து பார்த்துக் கேட்டாள்: "இப்பவே இறங்கவா, முடிச்சிட்டு இறங்கவா?"

முடித்துவிட்டுத்தான் இறங்கினாள். அடுத்த வசந்தத்தில் இயந்திரப் பிரிவில் அவளுக்கு இடம் கிடைத்தது. பதினெட்டு வருடம் கழித்துப் பிரிவே அவள் கைக்கு வந்தது.

அதற்குள் கூட்டம் வற்றிப்போயிருந்தது. மலை இரண்டு முறை கைமாறியது. மூன்றாவதாக வந்த டோக்கியோ நிறுவனம், மலையின் வடக்குப் பக்கத்தில் பெரிய ஓட்டலைக் கட்டி, கோண்டோலாவை அதன் வாசலுக்கே கொண்டுவந்தது. தெற்குப் பக்கம் எங்கள் ஊர். முப்பத்தொரு வீட்டு விடுதிகள். எங்கள் பக்கத்திலிருந்து மலையேற இருப்பது மூன்றாம் எண் லிஃப்ட் ஒன்றுதான். இரண்டு பேர் உட்காரும் நாற்காலி, பீச் மரக்காட்டுக்கு நடுவே மெதுவாக ஏறும். மேலே முகட்டில் இறங்கினால் மலை முழுக்கச் சறுக்கலாம்.

அந்த லிஃப்டின் கம்பங்கள் நிற்பது ஊர்ப் பொதுநிலத்தில். நிலத்தைக் குத்தகைக்கு விட்டபோது ஊர் ஒரு நிபந்தனை போட்டிருந்தது. லிஃப்ட் ஓடும் தகுதியோடு இருக்கும் வரைக்கும் அதை ஓட்ட வேண்டும். ஓட்டாவிட்டால் கம்பங்களைப் பிடுங்கி, காட்டைப் பழையபடி நட்டுத் தர வேண்டும்.

ஜூன் மாதம், பனியெல்லாம் கரைந்து வயல்களில் நாற்று நட்டிருந்த சமயம், மிகுரியா அக்காவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். நான் பக்கத்து அறையில் மீட்புச் சறுக்குவண்டிகளின் வார்களைத் தைத்துக்கொண்டிருந்தேன். அடிபட்டவர்களை மலையிலிருந்து இறக்கும் காவல் அணியில் எனக்கு வேலை. அந்தக் கட்டடத்தில் சுவர் என்பது பெயருக்குத்தான்.

"மூணாம் நம்பர் அறிக்கையில ரெண்டு வரி மாத்தினாப் போதும், நகுமோ-சான்."

"எந்த ரெண்டு வரி?"

"'வடம் தகுதியா இருக்கு, கம்பங்கள் தகுதியா இருக்கு'ன்னு எழுதியிருக்கீங்க. தகுதி இல்லன்னு..."

"வடம் மாத்தி ஆறு வருஷம்தான் ஆகுது. மாத்தினதே நான்தான். இன்னும் ஒரு இழைகூட அறுந்து போகல."

"கம்பங்கள் பழசு இல்லையா?"

"நானும்தான் பழசு. தட்டிப் பாருங்க, சத்தம் நல்லா வரும்."

அவர் சிரிக்கவில்லை. பொறுமையாக விளக்கினார். இரண்டு வாசல் வைத்துக்கொண்டு மலையை நடத்த முடியாது. இரண்டு டிக்கெட் அறை, இரண்டு வண்டி நிறுத்துமிடம், இரண்டு மருத்துவ அறை. எல்லாரும் ஓட்டல் பக்கமாக வந்தால் மலை பிழைக்கும். தொழில்நுட்பப் பொறுப்பாளர் தகுதியில்லை என்று எழுதிவிட்டால் ஊரோடு சண்டையும் வராது. அந்த மனிதரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். தான் சொன்னதை உண்மையாகவே நம்பினார். கடைசியில், நிறுவனத்தின் ஐந்து மலைகளுக்கும் சேர்த்து அக்காவைத் தலைமைப் பொறுப்பில் போடுவதாகவும், டோக்கியோவில் வீடு தருவதாகவும் சொன்னார்.

பிறகு அக்காவின் குரல்.

"மிகுரியா-சான், ஜனவரில ஓடக்கூடாதத ஓட்டுன்னீங்க. ஜூன்ல ஓடுறத ஓடாதுன்னு எழுதச் சொல்றீங்க. இந்த இரும்பு உங்களுக்கு என்ன பாவம் பண்ணிச்சு?"

"நான் மலையக் காப்பாத்தப் பாக்கறேன்."

"மலை இங்கயேதான் இருக்கும். அதுக்கு உங்க உதவி வேண்டாம். நான் பாத்தத எழுதிட்டேன். வேற எழுதணும்னா வேற கையப் பாருங்க."

ஜூலையில் அவளுக்குக் கடிதம் வந்தது. வரும் குளிர்காலத்திலிருந்து வண்டி நிறுத்துமிடப் பிரிவு. ஒளிரும் கைத்தடியை ஆட்டி வண்டிகளை வரிசையில் விடும் வேலை. அக்கா அந்தக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே ராஜினாமாவை எழுதிக் கொடுத்தாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் கேட்டேன். "புதுத் தாள் எதுக்கு வீணாக்கணும்?" என்றாள்.

அவள் கணவர் யோஷிஹரு அதே மலையில் பனியைச் சமப்படுத்தும் வண்டி ஓட்டியவர். கோடையில் நெல் விவசாயம். அதிகம் பேசமாட்டார். மனைவி வேலையை விட்டுவிட்டு வந்ததும், இனித் தன்னையும் கூப்பிடமாட்டார்கள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. "அரிசி நம்ம வயல்ல வெளையுது" என்று மட்டும் சொன்னாராம்.

இப்போது என் கதையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அதே மாதம் நிறுவனம் ஊழியர்களிடம் ஒரு தாளை நீட்டியது. மூன்றாம் எண் லிஃப்ட் ஓடும்போது வழக்கத்துக்கு மீறி ஆடுவதைக் கண்டிருக்கிறோம் என்று அதில் எழுதியிருந்தது. ஏழு பேர் கையெழுத்துப் போட்டோம். நாலாவது கையெழுத்து என்னுடையது. எனக்குப் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். காரணம் அவ்வளவுதான், அதற்கு மேல் அழகாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு வாரம் கழித்து வயல் வரப்பில் அக்கா எதிரே வந்தாள். தோளில் களைவெட்டும் கருவி. நான் குனிந்து வணங்கிவிட்டு நழுவப் பார்த்தேன்.

"கைசே, நில்லுடா. மூணாம் நம்பர் எங்க ஆடுது?"

நான் வரப்பின் ஓரத்துக்கு ஒதுங்கினேன்.

"எத்தனாம் கம்பத்துல? சொல்லு, சுத்தியலோட வந்து சரி பண்ணிட்டுப் போறேன். இருபத்தேழு வருஷம் அதுல ஏறியிருக்க. உன் பொண்டாட்டியக் கல்யாணத்துக்கு முன்னாடி அதுலதானே ஏத்திக்கிட்டுத் திரிஞ்ச? அப்ப ஆடலையா?"

"அக்கா... பிள்ளைங்க..."

"பிள்ளைங்களப் பத்தி நான் கேக்கல. கம்பத்தப் பத்திக் கேட்டேன்."

அவள் போய்விட்டாள். நான் அந்த வரப்பிலேயே வெகுநேரம் நின்றேன்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு, விரிவான சோதனை தேவைப்படுவதால் மூன்றாம் எண் லிஃப்ட் காலவரையின்றி ஓடாது என்று நிறுவனம் அறிவித்தது. ஊர்மன்றத்தில் கூட்டம் போட்டார்கள். விடுதிக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். விடுதிச் சங்கத்தின் தலைவி ஒனோசுகா கட்சுயோ தேநீர்க் கோப்பையை மேசையில் தட்டி அடக்கினாள். கட்சுயோவின் வாய் ஊருக்கே தெரியும்.

"அழுதது போதும். இனி என்ன பண்றதுன்னு யாருக்காவது தோணுதா? இல்லன்னா ஆளுக்கொரு கயிறு வாங்கிட்டு வரேன், நல்ல கயிறா."

பின்வரிசையிலிருந்து அக்கா எழுந்தாள்.

"ஓட்டலன்னா கம்பத்தப் பிடுங்கணும்னு ஒப்பந்தத்துல இருக்கில்ல? பதினேழு கம்பம். காட்டுக்கு நடுவுல. ஹெலிகாப்டர் வேணும். அவங்களுக்கு அது பெரிய தலைவலி. பிடுங்க வேணாம், அப்படியே எங்ககிட்ட விட்டுட்டுப் போங்கன்னு சொல்லுங்க. சந்தோஷமா விடுவாங்க."

"விட்டா? யாரு ஓட்டுறது?"

"நாம."

மன்றத்தில் சிரிப்பு எழுந்தது. பின்னால் ஒருவர் சத்தமாகவே சொன்னார்: "நாங்க சோறாக்கிப் போடுறவங்க ஹருமி-சான், மெத்தை விரிக்கிறவங்க. லிஃப்டப் பத்தி எங்களுக்கு என்ன தெரியும்?"

"சோறாக்கத் தெரியாமத்தானே பொறந்தீங்க? கத்துக்கிட்டீங்கல்ல. சட்டப்படி ஒரு பொறுப்பாளர் வேணும். நான் இருக்கேன். மிச்சத்துக்குக் கை போதும். எழுபது கை இருக்கு இங்க."

கட்சுயோ அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். "சம்பளம்?"

"லிஃப்ட் ஓடினாப் பாத்துக்கலாம்."

"ஓடலன்னா?"

"ஓடும்."

நிறுவனம் உடனே சம்மதித்தது. இரண்டு மாதத்தில் சலித்துப்போய் விட்டுவிடுவார்கள் என்று மிகுரியா சொன்னாராம். பராமரிப்புப் பதிவேடுகளை மட்டும் தர மறுத்துவிட்டார்கள், அவை நிறுவனத்தின் சொத்தாம். "வேணாம்" என்றாள் அக்கா. "எல்லாத்தையும் முதல்லேர்ந்து அளப்போம். அளந்தா நமக்கும் தெரியும்."

நூற்றுப் பதினெட்டு நாற்காலிகள். ஒவ்வொன்றையும் வடத்தோடு கவ்விப் பிடிக்கும் இரும்புக் கவ்வியைக் கழற்றி, மசகைத் துடைத்து, விரிசல் இருக்கிறதா என்று மையடித்துப் பார்த்து, அளந்து, மறுபடி பூட்ட வேண்டும். மூடிப்போன தொடக்கப்பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தைத் திறந்தார்கள். ஆகஸ்டு வெயிலில் விடுதிக்காரப் பெண்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து கவ்விகளைத் துடைத்தார்கள். மீன் செதில் உரிப்பதுபோல் பழைய மசகை உரிக்கிறார்கள் என்று அக்காவே மெச்சினாள். அளவுகோலைப் படிக்கக் கட்சுயோவுக்கு மூன்று நாள் பிடித்தது. நாலாம் நாள் ஒரு கவ்வியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இதுல ஒரு மயிரிழைக் கோடு தெரியுது. என் கண்ணுக்கோளாறா?" கண்ணுக்கோளாறு இல்லை. விரிசல்தான். அக்கா அதைக் கொடிமாதிரி தூக்கி எல்லாருக்கும் காட்டிவிட்டு, கழிவுப் பெட்டியில் எறிந்தாள்.

நான் அங்கே போனது செப்டம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். போவதற்கு முன் நிறுவனத்தில் என் கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, காவல் அணி மேல்சட்டையையும் மடித்து வைத்துவிட்டு வந்தேன். மனைவியிடம் சொன்னபோது, "இதச் சொல்ல ரெண்டு மாசமா?" என்றாள். கூடத்தில் எல்லாரும் என்னைப் பார்த்துக் கையை நிறுத்தினார்கள். அக்கா மட்டும் நிறுத்தவில்லை.

"கைசே, அந்த மூலையில எண்பது கப்பி இருக்கு. பத்து வருஷ மசகு. சுரண்டு."

அதுதான் அவளுடைய மன்னிப்பு. மன்னிப்புதானா என்பதும் எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. பதினாறு நாள் சுரண்டினேன்.

நவம்பரில் போக்குவரத்துத் துறையிலிருந்து ஆய்வாளர் வந்தார். ஒல்லியான மனிதர், மூக்கில் சளி. பதினேழு கம்பங்களில் ஆறைத் தானே தேர்ந்தெடுத்து ஏறினார். மணல்மூட்டைகளை நாற்காலிகளில் ஏற்றி ஓட்டச் சொன்னார், நிறுத்தச் சொன்னார், மின்சாரத்தைத் துண்டித்து மாற்று இன்ஜினில் ஓட்டச் சொன்னார். சாயங்காலம் இரண்டு குறை எழுதினார். ஒன்று, அவசர நிறுத்தப் பொத்தானின் மேல் எழுத்து மங்கியிருக்கிறது. இன்னொன்று, பன்னிரண்டாம் கம்பத்து ஏணியில் ஒரு படி லேசாக வளைந்திருக்கிறது. கட்சுயோ அவரை வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து சொன்னாள்: "ரெண்டே ரெண்டு. என் சமையலுக்கே என் புருஷன் அதவிட ஜாஸ்தி குறை சொல்லுவான்."

அந்த வருடம் பனி வருவதாக இல்லை. டிசம்பர் பத்து ஆனது, பதினைந்து ஆனது, மலை பழுப்பாகவே இருந்தது. ஓட்டல் பக்கம் பனி தயாரிக்கும் இயந்திரங்கள் இரைந்தன. எங்களிடம் வானம்தான் இருந்தது. இருபத்து மூன்றாம் தேதி மதியம் ஆரம்பித்த பனி இரண்டு நாள் நிற்காமல் கொட்டியது. இருபத்தாறாம் தேதி திறந்தோம். முதல் நாள் வந்தவர்கள் அறுபத்து மூன்று பேர்.

மேலே முகட்டில், எங்கள் சரிவும் நிறுவனத்தின் சரிவும் சேரும் இடத்தில், ஒரு ஆரஞ்சு நிற வலையைக் கட்டியிருந்தார்கள். எங்கள் பக்கமிருந்து யாரும் அங்கே போக முடியாது, அங்கிருந்து இங்கே வரவும் முடியாது. வலையின் நடுவே ஒரு பலகை: "இதற்கு அப்பால் நடப்பவற்றுக்கு நாங்கள் பொறுப்பல்ல."

நான் கொதித்தேன். யோஷிஹருகூட வாயைத் திறந்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அக்கா அந்தப் பலகையைச் சாவகாசமாக இரண்டு முறை படித்தாள். மறுநாள் அதே அளவில், அதே எழுத்து வடிவத்தில் இன்னொரு பலகை செய்யச் சொல்லி, வலையின் எங்கள் பக்கம் மாட்டினாள்.

"இதற்கு இப்பால் நடப்பவற்றுக்கு நாங்கள் பொறுப்பு."

அந்தப் பலகையோடு நின்று படம் எடுத்துக்கொள்ளவே ஆட்கள் வந்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துச் சிரித்தவர்கள், மறுநாள் சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார்கள். ஜனவரி பாதியில் தினமும் முந்நூறு பேர். கட்சுயோவின் பன்றியிறைச்சி சூப்புக்குத் தனி வரிசை.

ஜனவரி கடைசி வாரம் பெருமழைபோல் பனி விழுந்தது. ஒரே நாளில் என் மார்பளவு. விடிந்தபோது வடக்குச் சாலையில் பனிச்சரிவு. ஓட்டலுக்குப் போகும் ஒரே வழி ஒரு கிலோமீட்டருக்குப் புதைந்துவிட்டது. மறுபடி சரியக்கூடும் என்பதால் தோண்டவும் ஆளை அனுப்பவில்லை. மூன்று நாளாவது ஆகும் என்றார்கள். ஓட்டலில் தொள்ளாயிரம் விருந்தாளிகள். அவர்களில் பாதிப் பேர் அன்று ஊருக்குத் திரும்ப வேண்டியவர்கள், விமானம் பிடிக்க வேண்டியவர்களும் உண்டு. காய்கறி வண்டியும் பால் வண்டியும் ரயிலடியிலேயே நின்றன. ரயில் ஓடியது. எங்கள் ஊர்ச் சாலை திறந்திருந்தது.

காலை பத்து மணிக்கு முகட்டில் ஒரு உருவம் தட்டுத் தடுமாறி வருவது தெரிந்தது. இரண்டு முறை விழுந்து எழுந்தது. மிகுரியா. மலையை நடத்துகிறவருக்குச் சறுக்கத் தெரியாது என்பதை அன்றுதான் பார்த்தோம். வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார், மூக்குக் கண்ணாடி முழுக்கப் பனி. இந்தப் பக்கம் அக்கா லிஃப்டின் இறங்குமேடையில் பனி அள்ளிக்கொண்டிருந்தாள்.

"நகுமோ-சான், உதவி வேணும். எங்க விருந்தாளிங்கள நாங்க முகடு வரைக்கும் ஏத்திடுறோம், உங்க லிஃப்டுல கீழ இறக்கணும். சாமானும் மேல வரணும்."

"இறக்கலாம். ஏத்தலாம்."

அவர் முகத்தில் உயிர் வந்தது. "ரொம்ப நன்றி. உடனே..."

"ஒரு நிமிஷம். குழந்தை, கிழவின்னு தொள்ளாயிரம் பேரு. இந்த வலைக்கு அடியில குனிஞ்சு குனிஞ்சா வருவாங்க?"

"இன்னிக்கு மட்டும் ஒரு ஓரத்துல தூக்கிக் கட்டிடலாம்."

"இன்னிக்கு மட்டும்னா நாளைக்கு மறுபடி கட்டுவீங்க. அந்தக் கதை வேணாம். விருந்தாளிங்கள இறக்க நான் விலை பேசல. அவங்க உங்ககிட்ட வந்ததத் தவிர வேற தப்புப் பண்ணல, எப்படியும் இறக்குவேன். ஆனா இந்த வலை இருக்கே, இது ஆபத்து. நான் பாத்தேன், இப்பச் சொல்றேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவும் தயார்."

"தலைமை அலுவலகத்தக் கேக்கணும்."

"கேளுங்க. நான் பனி அள்ளிக்கிட்டு இருக்கேன்."

மிகுரியா தொலைபேசியை எடுத்தார். கையில் வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதைப் பையில் போட்டுவிட்டு, கையுறையைக் கழற்றி, முடிச்சுகளை அவிழ்க்க ஆரம்பித்தார். உறைந்த முடிச்சுகள். விரல் சிவந்துவிட்டது. நான் உதவப் போனேன். அக்கா மண்வாரியைக் குறுக்கே நீட்டி என்னை நிறுத்தினாள்.

"விடுறா. கட்டினவங்களுக்குத்தான் அவுக்கத் தெரியும்."

மூன்று நாளும் மூன்றாம் எண் லிஃப்ட் இரண்டு பக்கமும் நிறைந்து ஓடியது. கீழே போகும் நாற்காலிகளில் மனிதர்கள், மடியில் பெட்டி. மேலே வரும் நாற்காலிகளில் முட்டைக்கோசு மூட்டை, பால் பெட்டி, ஒரு நாற்காலியில் வாரால் கட்டிய முழு டுனா மீன். முகட்டிலிருந்து யோஷிஹரு எங்கள் பழைய பனிவண்டியில் சாமானை ஓட்டல் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். போன வருடம் வரைக்கும் அவர் தினமும் சமப்படுத்திய சரிவு அது. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார். நாற்காலியில் இறங்கப் பயந்த ஒரு தைவான்காரப் பாட்டி என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு கடைசிவரை என்னவோ சொல்லிக்கொண்டே வந்தாள். திட்டினாளா, பிரார்த்தனை செய்தாளா, தெரியவில்லை. கீழே இறங்கியதும் கட்சுயோவின் சூப்பை இரண்டு கிண்ணம் குடித்தாள்.

வலை திரும்பக் கட்டப்படவில்லை. அடுத்த குளிர்காலம் முதல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே டிக்கெட். அந்தப் பேச்சுவார்த்தைக்கு வந்தது மிகுரியா இல்லை. வசந்தத்திலேயே அவரை வேறு மலைக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதினார் என்று தெரியும். என்ன எழுதினார் என்று அவள் யாருக்கும் சொல்லவில்லை. ஒருமுறை நான் கிண்டிக் கேட்டதற்கு, "அந்த ஆளு எழுத்து நல்லா இருக்கும்" என்றாள், அவ்வளவுதான்.

எல்லாம் இனிதாக முடிந்துவிட்டது என்று சொல்ல எனக்கு ஆசைதான். முப்பத்தொரு விடுதிகளில் இப்போது இருப்பது இருபத்தாறு. போன வருடத்துக்கு முந்தின குளிர்காலம் பனி பொய்த்து, முப்பத்தெட்டு நாள்தான் ஓட்டினோம். ஊரோடும் அக்காவுக்குச் சண்டை வராமல் இல்லை. பிப்ரவரி நடுவில் நல்ல கூட்ட நாளில் ஏழாம் கம்பத்துக் கப்பி ஒன்று முனகுகிறது என்று நிறுத்தி, இரண்டு மணி நேரம் யாரையும் ஏற்றவில்லை. கட்சுயோ வந்து கத்தினாள், இவளும் கத்தினாள், இரண்டு பேரும் ஒன்பது நாள் பேசிக்கொள்ளவில்லை. கட்சுயோவின் மருமகளும் இன்னொரு விடுதிக்காரப் பெண்ணும் இப்போது கம்பமேறுகிறார்கள். வேண்டிய வருடங்கள் முடிந்ததும் பொறுப்பாளர் பதவிக்கு அவர்கள் பெயரை எழுதிப்போடப் போகிறாள் அக்கா. ஊரில் சில ஆண்கள் முணுமுணுத்தார்கள். மலைத்தெய்வம் ஞாபகம் வந்துவிட்டது அவர்களுக்கு. அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன அக்டோபரில் மலை மறுபடி கைமாறியது. புதுக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் இனிப்புப் பெட்டியோடு வந்தார்கள். மூன்றாம் எண் லிஃப்டையும் தாங்களே எடுத்துக்கொண்டு, புதிதாக ஆறு பேர் உட்காரும் நாற்காலி போடுவதாகச் சொன்னார்கள். படங்களெல்லாம் காட்டினார்கள். அழகாகத்தான் இருந்தது. அக்கா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, கடைசிவரைக்கும் பொறுமையாகக் கேட்டாள். அவளுக்கு இப்போது ஐம்பத்தொன்பது.

"ஓட்டுறதா இல்லையான்னு யாரு முடிவு பண்ணுவாங்க?"

"அது... நிர்வாகம்தான்."

"அப்போ இனிப்ப வச்சிட்டுப் போங்க. லிஃப்ட் இங்கயே இருக்கட்டும்."

அவர்கள் போனதும் பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் ஒவ்வொன்று கொடுத்தாள். கஷ்கொட்டை இனிப்பு, நன்றாக இருந்தது. எனக்கு இரண்டாவது எடுக்க நேரம் தரவில்லை. வடத்தின் இழுவிசையை அன்றே பார்க்க வேண்டும், சாயங்காலம் மழை வரும் என்று சொல்லி, என்னை ஒன்பதாம் கம்பத்துக்கு விரட்டினாள்.